தறிக்குழிக்குள் இறங்கிய பெட்ரோல்

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது முள்ளிப்பட்டிலிருந்து போன். தம்பி முறை. பட்டுத் தறி நெய்கிறவன்.

"அண்ணா, ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகல. கிக்கர் அடிச்சு அடிச்சு கால் வீங்கிப் போச்சு. என் வண்டிய மச்சான் எடுத்துட்டுப் போயிட்டாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள புடவைய ஆரணில கொண்டு போய்க் கொடுத்தாதான் கூலி. கூலி வந்தாதான் எனக்குத் தீபாவளி."

"யார் வண்டி? எத்தனை நாளா நிக்குது?"

"உன் தம்பி பொண்டாட்டி வண்டிதான். ஆனி மாசம் வளைகாப்பு முடிஞ்சு அவ அம்மா வீட்டுக்குப் போனா. அதுலேர்ந்து யாரும் தொடல."

ஆனியிலிருந்து ஐப்பசி. நான்கு மாதம்.

"எங்க நிறுத்தியிருக்க?"

"உள்ளதான், தறி பக்கத்துல. இந்த மழைல வெளிய எங்க விடறது?"

"பெட்ரோல் வாசனை வருதா?"

கொஞ்சம் யோசித்தான். "லேசா வருது. வண்டின்னா வரத்தானே செய்யும்?"

அதற்கு மேல் நான் வண்டி ரிப்பேர் பற்றிப் பேசவில்லை. "கிக்கர் அடிக்கறத நிறுத்து. செல்ஃப் போடாத. லைட் சுவிட்ச், ஃபேன் சுவிட்ச் எதையும் தொடாத. முன்கதவு, பின்கதவு ரெண்டையும் திற. வண்டிய அப்படியே உருட்டிக்கிட்டு வெளிய கொண்டு போ. மழைல நனைஞ்சா நனையட்டும். அப்புறம் எனக்குக் கூப்பிடு" என்றேன். அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்திருப்பான். அவன் பிறப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டில் நடந்தது அவனுக்குத் தெரியாது.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். சித்தப்பாவிடம் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் இருந்தது. சீட்டுக்குக் கீழே பெட்ரோல் டேப். திறந்தால் ஆன், மூடினால் ஆஃப், இன்னொரு பக்கம் திருப்பினால் ரிசர்வ். அந்தக் கார்த்திகையில் விடாத மழை. கமண்டல நாகநதியில் தண்ணீர் வந்துவிட்டது என்று பார்க்கப் போனவர்கள், பாலம் வரை வந்துவிட்டது என்று திரும்பி வந்து சொன்னார்கள். சித்தப்பா வண்டியைத் திண்ணையில் விட மனமில்லாமல் வீட்டுக்குள் ஏற்றி, தறிக்கு இரண்டடி தள்ளி நிறுத்தினார். டேப்பை மூட மறந்துவிட்டார்.

குழித்தறியைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதிப்பார். இடுப்பளவு ஆழம் இருக்கும். மழைக்காலத்தில் அதில் ஈரம் ஊறும். குளிருக்கு வீட்டுப் பூனை அதற்குள்தான் படுத்திருக்கும்.

அன்றைக்கு விடியற்காலை ஆயா எழுந்தார். கார்த்திகை மாதம் ஆயிற்றே, விளக்கேற்றாமல் வாசல் திறக்க மாட்டார். தீப்பெட்டியைக் கையில் எடுத்தவர், தறிப்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். தலை சுற்றுகிற மாதிரி நெடி. "டேய், என்னடா இது பங்க் மாதிரி நாறுது!" என்று அவர் போட்ட சத்தத்தில்தான் எல்லோரும் எழுந்தோம். சித்தப்பா கைவிளக்கைப் போடப் போனார். ஆயா கையைத் தட்டிவிட்டார். ஆயாவுக்கு இயற்பியல் தெரியாது. நெருப்பு தெரியும்.

கார்புரேட்டரில் இருந்து இரவு முழுக்கச் சொட்டியிருக்கிறது. தரையின் வாட்டம் தறிக்குழிப் பக்கம். சொட்டியது சிமெண்ட் தரையில் ஓடிக் குழிக்குள் இறங்கிவிட்டது. பாதி நெய்த புடவை தறியில் இருந்தது. ஒன்பது பேர் அந்த வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தோம்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. சமையல் வாசனை போல மேலே எழும்பி ஜன்னல் வழியாகப் போகாது. தண்ணீர் மாதிரி தரையோடு தவழ்ந்து, பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த் தேங்கும். தறிக்குழியைவிட நல்ல பள்ளம் ஒரு வீட்டில் ஏது? காற்றில் ஒன்றரை சதவீதம் அளவுக்குப் பெட்ரோல் ஆவி கலந்துவிட்டாலே பற்றிக்கொள்ளும். அதற்கு வெயிலும் தேவையில்லை. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூட பெட்ரோல் தீப்பிடிக்கிற அளவு ஆவியாகிக்கொண்டுதான் இருக்கும். தீக்குச்சிதான் வேண்டும் என்பதில்லை. சுவிட்சுக்குள் ஏற்படுகிற சின்னப் பொறி போதும். அதனால்தான் தம்பியிடம் ஃபேன் சுவிட்சைக்கூடத் தொடாதே என்றேன்.

டேப்பை மூடாவிட்டால் ஏன் சொட்ட வேண்டும்? கார்புரேட்டருக்குக் கீழே கிண்ணம் போல ஒரு பகுதி உண்டு. அதற்குள் ஃப்ளோட் என்று ஒரு மிதவை. பெட்ரோல் நிறைய நிறைய மிதவை மேலே வந்து, ஒரு சின்ன ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். நம் வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து வைத்த குழாய் இருக்கிறதே, அதே வேலை. அந்த ஊசி தேய்ந்தாலோ, நடுவில் ஒரு தூசி சிக்கினாலோ அடைப்பு முழுசாக விழாது. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. இரவெல்லாம் இறங்கிக்கொண்டே இருக்கும். டேப்பை மூடியிருந்தால் கிண்ணத்தில் இருந்த கொஞ்சத்தோடு போயிருக்கும்.

இந்தக் கிண்ணத்தை நினைத்தால் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 1972ல் வந்த பஜாஜ் சேத்தக்கை ஒரு பக்கம் சாய்த்து, நிமிர்த்தி, பிறகு கிக்கரை உதைக்கிற காட்சி நாற்பது வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் மறந்திருக்காது. அது மந்திரமில்லை. சாய்த்தால் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாக உள்ளே போகும், குளிர்ந்த இன்ஜின் பிடித்துக்கொள்ளும். அப்பாமார் தங்கள் செல்வாக்கில்தான் வண்டி ஸ்டார்ட் ஆகிறது என்று முகத்தை வைத்துக்கொள்வார்கள். அதே பெயரில் 2020ல் வந்த மின்சார சேத்தக்கைச் சாய்த்துப் பார்க்க வேண்டியதில்லை.

சரி, தம்பி வண்டிக்கு வருவோம். அரை மணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டான். வண்டி வெளியே தார்ப்பாய்க்குக் கீழே நிற்கிறது. "டேங்கிலேர்ந்து வர ரப்பர் ட்யூபை விரலால வளைச்சா வெடிப்பு தெரியுது அண்ணா. அங்கதான் ஈரம்."

வெடித்த ட்யூப் புதிய கதை இல்லை. இப்போது நாம் வாங்குகிற பெட்ரோல் பத்து வருடத்துக்கு முந்தைய பெட்ரோல் இல்லை. கரும்பு, தானியங்களிலிருந்து எடுக்கிற எத்தனாலைக் கலக்கிறார்கள். 2022ல் நாடு முழுக்க 10 சதவீதக் கலப்பை எட்டினோம். 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த ஈ20 அறிமுகமாகி, இப்போது பங்க்கில் அதுதான் கிடைக்கிறது. இறக்குமதிச் செலவு குறைகிறது, கரும்பு விவசாயிக்குக் காசு வருகிறது என்பதெல்லாம் இருக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்கும் இதனால் பெரிய தொந்தரவு இல்லை. நிற்கிற வண்டிக்குத்தான் வம்பு.

எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் ஆசை. திறந்து வைத்த உப்பு ஐப்பசியில் கசிகிற மாதிரி, காற்றில் இருக்கிற ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். ஓர் அளவு வரைக்கும் பெட்ரோல், எத்தனால், தண்ணீர் மூன்றும் சமாதானமாகக் கலந்திருக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் போய் உட்காரும். இன்ஜினுக்கு எடுக்கிற வழியும் அடியில்தானே இருக்கிறது? நீங்கள் கிக்கரை உதைக்கும்போது இன்ஜின் குடிப்பது பெட்ரோல் இல்லை, அந்த அடித்தண்ணீர். இரும்பு டேங்க் என்றால் அதே இடத்தில் துரு பிடிக்கும். துருத்தூள் ஃபில்டரை அடைக்கும். பழைய வண்டிகளின் ரப்பர் ட்யூபும் வாஷரும் எத்தனாலில் ஊறி உப்பி, பிறகு காய்ந்து வெடிக்கும். டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் போய்விட்டால் மழைநீர் நேராகவே இறங்கும். வண்டியைக் கழுவுகிறேன் என்று பிரஷர் தண்ணீரை மூடி மேலேயே பாய்ச்சுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எத்தனால் இல்லாவிட்டாலும் பெட்ரோல் கெடும். முதலில், சட்டென்று ஆவியாகிற லேசான பகுதிகள் பறந்துவிடும். காலையில் வண்டி பிடிப்பதே அந்தப் பகுதிகளால்தான். மிச்சம் இருப்பது காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசின் மாதிரி ஆகும். கார்புரேட்டருக்குள் இருக்கிற ஜெட் என்கிற பித்தளைத் துண்டின் துளை ஊசி முனை அளவுதான். அதில் கொஞ்சம் பிசின் படிந்தால் போதும். நம் ஊர் வெயிலில் ஒரு மாதத்திலேயே மாற்றம் ஆரம்பிக்கும். மூன்று மாதம் தாண்டினால் அந்தப் பெட்ரோலை நம்பக் கூடாது என்பது என் கணக்கு. 2020 மார்ச் 25ம் தேதி ஊரடங்கு வந்து தறியெல்லாம் நின்றபோது வண்டியும் நின்றது. மெக்கானிக் கடை திறந்ததும் நான் பார்த்த முதல் காட்சி, வாசலில் வரிசையாகக் கார்புரேட்டர் கழற்றி வைத்த ஸ்கூட்டர்கள்.

"பெட்ரோல் கெட்டிருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று தம்பி கேட்டான். மூக்கு போதும். நல்ல பெட்ரோல் சுருக்கென்று ஏறும். கெட்டது பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த மாதிரி புளித்து மணக்கும். நிறமும் பழுப்பாகியிருக்கும். ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து பத்து நிமிடம் அசைக்காமல் வைத்தால், தண்ணீர் பிரிந்திருந்தால் அடியில் ஒரு கோடு தனியாகத் தெரியும்.

பிடிக்கும்போது இரண்டு விஷயம். ட்யூபில் வாய் வைத்து உறிஞ்சி எடுப்பது நம் ஊரில் சர்வ சாதாரணம். அது ஒரு துளி நுரையீரலுக்குள் போனாலே நிமோனியா போல மூச்சைப் பிடித்துவிடும். விழுங்கிவிட்டவரை வாந்தி எடுக்க வைத்தால் இன்னும் மோசம், நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இரண்டாவது, எடுத்த பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ வைக்காதீர்கள். தம்பி வீட்டுக்குக் கைக்குழந்தை வரப்போகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிற வீடு. தாகத்துக்கு எடுக்கிற பிள்ளை பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டா குடிக்கும்? கெட்ட பெட்ரோலைச் சாக்கடையிலும் கொட்டக் கூடாது. மெக்கானிக்கிடமே கொடுத்துவிடலாம்.

தம்பி வண்டி 2020க்கு முந்தையது. கார்புரேட்டர் வண்டி. அந்த வருடம் ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 விதி வந்த பிறகு வந்த ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன். உங்கள் வண்டி எது என்று தெரியாமல் யூடியூப் பார்த்துக் கழற்ற ஆரம்பிக்காதீர்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கார்புரேட்டர் வண்டி என்றால் பழைய பெட்ரோலை முழுக்க எடுத்துவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தி அங்கே தங்கியிருப்பதையும் வடித்துவிட வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டேங்கில் புதுப் பெட்ரோல் ஊற்றிவிட்டு, கிண்ணத்தில் நாலு மாதச் சரக்கை வைத்துக்கொண்டு உதைத்தால் கால்தான் வீங்கும். ட்யூபையும் பெட்ரோல் ஃபில்டரையும் புதிதாகப் போடச் சொன்னேன். ட்யூப் வாங்கும்போது பெட்ரோலுக்கான ட்யூபைத்தான் கேட்டு வாங்க வேண்டும். மீன் தொட்டிக்குக் காற்று விடுகிற ட்யூப் பார்க்க அழகாக இருக்கும், சில வாரத்தில் விறைத்துவிடும். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது, பிறகு ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்வது. ஜெட்டை கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே, காற்று இரண்டாலும்தான் சுத்தம் செய்ய வேண்டும். சித்தப்பா தையல் ஊசியால் குத்தி அடைப்பெடுத்தார். துளை பெரிதாகி, அந்த வண்டி சாகும் வரை பெட்ரோலைக் குடித்தது.

இன்ஜெக்ஷன் வண்டி என்றால் சாவியைப் போட்டதும் இரண்டு மூன்று விநாடி 'ஙொய்' என்று ஒரு சத்தம் கேட்கும். டேங்குக்குள் இருக்கிற பம்ப் வேலை செய்கிறது என்று அர்த்தம். சத்தமே இல்லை என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். அந்த பம்ப் பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் சூடாகாமல் இருக்கும். அதனால் எப்போதும் ஐம்பது ரூபாய்க்கு மட்டும் போட்டுக்கொண்டு முள் சிவப்பிலேயே ஓட்டுகிறவர்கள் பம்பைத்தான் தின்கிறார்கள். இதன் குழாயை வீட்டில் கழற்றவே கூடாது. பெட்ரோல் அதில் சுமார் 3 பார் அழுத்தத்தில் இருக்கும். உங்கள் ஸ்கூட்டர் முன் டயரில் இருக்கிற காற்றைப் போல இரண்டு மடங்கு. கழற்றினால் சொட்டாது, பீய்ச்சும்.

குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் இரு சக்கர வண்டிகளை மாதக்கணக்கில் மூடி வைத்துவிடுவார்கள். டொரண்டோவில் இருக்கிற நம் ஆட்களைக் கேட்டால், வண்டியைத் தூங்க வைப்பதையே ஒரு சடங்கு மாதிரி சொல்வார்கள். நமக்கு அப்படி ஒரு பருவம் இல்லை. ஆனால் பிரசவம், ஆபரேஷன், பிள்ளைகள் வீட்டில் மூன்று மாதம், மழையில் பாவு போட முடியாமல் வேறு ஊருக்கு வேலைக்குப் போவது என்று வண்டி நிற்கத்தான் செய்கிறது. அவர்கள் செய்வதில் பாதி நமக்கும் பொருந்தும்.

ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால், நிறுத்துவதற்கு முதல் நாள் புதுப் பெட்ரோல் போட்டு டேங்கை முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்புங்கள். உள்ளே காற்று குறைந்தால் ஈரமும் குறையும், துருவும் குறையும். கழுத்து வரை நிரப்ப வேண்டாம், வெயிலில் விரிய இடம் வேண்டும். பெட்ரோல் கெடாமல் இருக்கக் கலக்கிற மருந்து, ஃப்யூயல் ஸ்டெபிலைசர் என்று கடையில் கிடைக்கிறது. புதுப் பெட்ரோலில்தான் அது பலிக்கும், கெட்டதைச் சரி செய்யாது. கலந்த பிறகு பத்து நிமிடம் ஓட்டினால்தான் கடைசி வரை போய்ச் சேரும். கார்புரேட்டர் வண்டி என்றால் டேப் இருந்தால் மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட வேண்டும், கிண்ணம் காலியாகிவிடும். டேப் இல்லாத வண்டியில் அடித்திருகைத் தளர்த்தி வடித்துவிடலாம். இன்ஜெக்ஷன் வண்டியில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. நான்கு ஐந்து மாதம் தாண்டும் என்றால் கார்புரேட்டர் வண்டியின் டேங்கையே காலி செய்து விடுவது மேல் என்று நினைக்கிறேன், அதிலும் வீட்டுக்குள் நிறுத்த வேறு வழியே இல்லாதவர்கள்.

இதைவிடச் சுலபமான வழி, பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவியைக் கொடுப்பது. பதினைந்து நாளைக்கு ஒரு தரம் ஆரணி போய் வரட்டும். நிறுத்தின இடத்திலேயே இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதில் பயனில்லை. சைலன்சருக்குள் ஈரம்தான் சேரும். பையனுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுவது, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதது குளவி. கார்புரேட்டரிலிருந்து கீழே தொங்குகிற சின்ன ட்யூப் வாயில் மண் கூடு கட்டிவிடும். சைலன்சர் வாயிலும் கட்டும். எலி பெட்ரோல் ட்யூபைக் கடிக்கும். சைலன்சரைத் துணியால் அடைத்தவர்கள் ஓட்டுவதற்கு முன் எடுக்க ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு துளை உண்டு. அது அடைபட்டால் வண்டி இரண்டு கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்றை இழுக்கும், மறுபடி ஓடும். இதற்காக இன்ஜினைப் பிரித்தவர்களை எனக்குத் தெரியும்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் முள்ளிப்பட்டு மாதிரி ஊர்களில் பெரிய கேள்வி. வீடே தறி, தறியே வீடு. திண்ணை இருந்தால் திண்ணை. இல்லை என்றால் வாசலில் நாலு கம்பு நட்டு ஒரு தகரச் சாய்ப்பு. சாய்ப்புக்கு ஆகிற செலவு ஒரு பட்டுப் புடவைக் கூலியில் ஒரு பங்குதான் இருக்கும். வண்டி திருடு போகும் என்ற பயம் நியாயமானது, சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். அடுப்பும் விளக்கும் தறிக்குழியும் இருக்கிற ஒரே கூரைக்குக் கீழே மட்டும் வேண்டாம்.

தம்பி வியாழக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டான். மெக்கானிக் வீட்டுக்கே வந்து ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, ட்யூப் மாற்றிக் கொடுத்தாராம். நாலாவது உதையில் பிடித்துக்கொண்டதாம். கையில் பெட்ரோல் வாசனை போகவே இல்லை என்று புடவையைத் தொடப் பயந்து, சீயக்காய் போட்டு மூன்று தரம் கழுவி, மடிப்பதற்கு அம்மாவை விட்டிருக்கிறான். நல்ல வேலை. பட்டு வாசனையைப் பிடித்துக்கொண்டால் விடாது.

சித்தப்பாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அவர் மகன் வாங்கிக் கொடுத்த புது இன்ஜெக்ஷன் ஸ்கூட்டர் வாசலில் நிற்கிறது. ஒவ்வொரு ராத்திரியும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியதும், அவர் வலது கை சீட்டுக்குக் கீழே போய் இல்லாத டேப்பைத் தேடுகிறது.